வீட்டுக் கழிவுநீருக்கு செடிப் படுகையா, மெஷினா, உறிஞ்சு குழியா? முதல்ல டியூப் லெவலை எடுங்க

வீட்டுக் கழிவுநீரை செடி வச்சு சுத்தம் பண்ணப் போறேன்னு யாராவது சொன்னா அடுத்து வர்ற கேள்வி எப்பவும் ஒண்ணுதான், "என்ன செடி வைக்கலாம்?" நானும் முதல் தடவை அதையேதான் கேட்டேன். கல்வாழையா நாணலா சம்புப் புல்லான்னு ஒரு மாசம் படிச்சு மண்டையைக் குழப்பிக்கிட்டு, அப்புறம் குழி வெட்டி, தண்ணி கசியாம இருக்க லைனர் ஷீட் போட்டு ஜல்லி கொட்டி, செடியும் அமோகமாத்தான் வந்துச்சு, ஆனா ரெண்டாவது வருஷம் படுகை அடைச்சுக்கிச்சு. இப்போ கழிவறைத் தண்ணியும் சேர்த்து முழு வீட்டுக்குமா ஒரு படுகை போடணும், அதுக்காக இருக்குற வழிகளை எல்லாம் திரும்ப ஒருவாட்டி ஒப்பிட்டுப் பார்த்தேன். இந்தத் தடவை என்னோட முதல் கேள்வி செடி இல்ல. செப்டிக் டேங்க்லேர்ந்து தண்ணி வெளிய வர்ற பைப்புக்கும் சுத்தமான தண்ணி கடைசியா போய்ச் சேரப்போற இடத்துக்கும் நடுவுல எவ்வளவு மட்ட வித்தியாசம் இருக்கு, அதுதான். தண்ணி நிரப்பின டியூப்போட ரெண்டு முனையையும் பிடிச்சு அதை அளக்குறதுதான் டியூப் லெவல். ஏன்னு போகப் போகச் சொல்றேன்.

முதல்ல ஒரு தப்பு நினைப்பை ஓரம் வச்சிடலாம். செடி தண்ணியைக் குடிச்சு அழுக்கைத் தின்னுடும்னு நிறைய பேர் நினைக்கிறாங்க. வேலையில பெரும்பங்கு பண்றது ஜல்லி மேலயும் மணல் மேலயும் வழவழன்னு படியுற பாக்டீரியாப் படலம்தான். செடியோட வேர் அந்தப் படலத்துக்கு இடம் குடுக்குது, மேல்பரப்பு இறுகிப் போகாம பார்த்துக்குது, கொஞ்சம் நைட்ரஜனும் பாஸ்பரஸும் எடுத்துக்குது. வேர் வழியா ஆக்ஸிஜன் உள்ள போறதும் உண்மைதான், ஆனா அது ரொம்பக் கொஞ்சம், அதை நம்பி டிசைன் போட முடியாது. இந்த ஆக்ஸிஜன் விஷயம்தான் ஒரு வகைப் படுகைக்கும் இன்னொண்ணுக்கும் இருக்குற அடிப்படை வித்தியாசம்.

இதுக்கு ஒரு பழைய கதையும் இருக்கு. ஜெர்மனியில 1950கள்ல கேத்தே சைடல்னு ஒரு அம்மா கோரை மாதிரி நீர்ச்செடிகளை வச்சு கழிவுநீரைச் சுத்தம் பண்ண முடியுமான்னு சோதனை பண்ண ஆரம்பிச்சாங்க. அதுக்கப்புறம் ரைன்ஹோல்ட் கிக்குத்னு இன்னொருத்தர் 'ரூட் ஜோன்', அதாவது வேர் மண்டல முறையைக் கொண்டுவந்தார், 1974ல ஓத்ஃபிரேசன்ங்கிற ஊர்ல முழு அளவுல ஒண்ணு ஓட ஆரம்பிச்சுது. சைடல் ஜல்லியை நம்பினாங்க, கிக்குத் களிமண் கலந்த மண்ணை நம்பினார், நாணல் வேர் போகப் போக மண்ணைத் துளைச்சு தண்ணிக்கு வழி விட்டுடும்னு கணக்குப் போட்டார். அது நடக்கல. தண்ணி மண்ணுக்குள்ள இறங்காம மேலயே வழிஞ்சு ஓடுச்சு, அதுக்கப்புறம் எல்லாரும் ஜல்லிக்கும் மணலுக்கும் வந்துட்டாங்க. ஆனா இன்னைக்கும் "செடி வைக்கிறோமே, மண்ணு வேணாமா"ன்னு படுகை மேல நாலு கூடை தோட்டத்து மண்ணைக் கொட்டுறவங்க இருக்காங்க. கொட்டாதீங்க. கழிவுநீர்லயே செடிக்கு வேண்டிய சத்து இருக்கு.

சரி, வழிகள் என்னென்ன. குளம் மாதிரி தண்ணி வெளிய தெரியுற படுகை ஒண்ணு, ஜல்லிக்குள்ள ஒரு பக்கத்துலேர்ந்து இன்னொரு பக்கம் படுத்து ஓடுற கிடைப் படுகை ஒண்ணு, மேலேர்ந்து ஊத்தி மணல் வழியா கீழ இறங்குற செங்குத்துப் படுகை ஒண்ணு. செடியே வேணாம்னா காத்து ஊதுற மெஷின், இல்லேன்னா செப்டிக் டேங்க் முடிஞ்சதும் நேரா உறிஞ்சு குழி.

குளம் மாதிரி இருக்குறதை ஒரு வரியில தாண்டிடறேன்: கொசு, நாத்தம், குழந்தைங்க விழற பயம், இடமும் நிறைய, வீட்டுக்கு வேணாம். பிரெஞ்சுக்காரங்க ஒரு முறை வச்சிருக்காங்க, செப்டிக் டேங்க்கே இல்லாம பச்சைக் கழிவை அப்படியே ஜல்லிப் படுகை மேல ஊத்தறது, மூணு படுகையை மாத்தி மாத்தி, ஒண்ணுக்கு மூணரை நாள் ஊத்திட்டு ஏழு நாள் ஓய்வு விடுவாங்க. கசடு மேலயே காஞ்சு மக்கிடும், பத்து வருஷத்துக்கு மேல ஆனப்புறம் வாரினா போதும். ஊருக்கே பொதுவா போட்டா அருமையான முறை, ஆனா நம்ம ஜன்னலுக்குக் கீழ பச்சைக் கழிவு திறந்து கிடக்குறதை எந்த வீட்ல ஒத்துக்குவாங்க.

அப்போ நிஜமான போட்டி கிடைப் படுகைக்கும் செங்குத்துப் படுகைக்கும்தான், பக்கத்துல மெஷின் நிக்குது.

கிடைப் படுகையில தண்ணி எப்பவும் ஜல்லிக்குள்ள நிறைஞ்சு நிக்கும், மேல்பரப்புக்கு 5லேர்ந்து 10 சென்டிமீட்டர் கீழ. வெளிய தண்ணி தெரியாததால கொசு வராது, முறையா ஓடினா நாத்தமும் இல்ல. ஆழம் அரை மீட்டர், கொஞ்சம் கூடப் போகலாம். அடியில அரைலேர்ந்து ஒரு சதவீதம் வாட்டம். கடைசியில ஒரு சேம்பருக்குள்ள எல்போ வச்ச பைப், அதைச் சாய்ச்சும் நிமித்தியும் உள்ள இருக்குற தண்ணி மட்டத்தை மாத்திக்கலாம், ஓடுற பாகம்னு பார்த்தா அது ஒண்ணுதான். கரண்ட் வேணாம், பம்ப் வேணாம், உள்ள வர்ற மட்டத்துக்கும் வெளிய போற மட்டத்துக்கும் ஒரு சாண் வித்தியாசம் இருந்தாலே ஓடிடும், சமதளமான இடத்துக்கு இதைவிட்டா வேற நல்ல வழி எனக்குத் தெரியல. இதோட குறை, உள்ள காத்து கிடையாது. அதனால கரிமக் கழிவு நல்லா குறையும், மிதக்குற தூசி நல்லா பிடிபடும், ஆனா அம்மோனியா பெருசா மாறாது, முக்காவாசி வந்தபடியே வெளிய போகும்.

செங்குத்துப் படுகையில தண்ணி தேங்கி நிக்கிறதே இல்ல. நாளைக்கு நாலஞ்சு தடவை, ஒவ்வொரு தடவையும் குபுக்குன்னு ஒரு அளவு தண்ணி மேல பரவலா ஊத்தணும், அது மணல் வழியா இறங்கும்போது பின்னாடியே காத்தை உள்ள இழுத்துக்கும். அந்தக் காத்துல அம்மோனியா நைட்ரேட்டா மாறும், கரிமக் கழிவும் வேகமா கரையும், அதனால இடமும் குறைவா போதும். ஆனா இதுல ரெண்டு கண்டிஷன். ஒண்ணு, மணல் சரியா இருக்கணும், ரொம்பப் பொடியா இருந்தா அடைக்கும், ரொம்பப் பெருசா இருந்தா தண்ணி சுத்தமாகாமலே இறங்கிடும். ஒரு கண்ணாடி பாட்டில்ல பாதி மணலும் மீதி தண்ணியும் போட்டு நல்லா குலுக்கி வச்சுப் பாருங்க, ஒரு மணி நேரம் கழிச்சும் தண்ணி கலங்கியே இருந்தா, இல்ல மணல் மேல சேறு மாதிரி தடிமனா ஒரு அடுக்கு நின்னா அந்த லோடைத் திருப்பி அனுப்பிடுங்க. கிரஷர் தூசி கலந்த மணலை கொத்தனார் நல்ல மணல்னுதான் சொல்வார், பூச்சுக்கு நல்ல மணல்தான், இந்த வேலைக்கு இல்ல.

ரெண்டாவது கண்டிஷன்தான் மட்டம். படுகையே 80 சென்டிமீட்டர்லேர்ந்து ஒரு மீட்டர் ஆழம், தண்ணி மேல விழுந்து அடியில வெளிய வரணும். குபுக்குன்னு ஊத்தறதுக்கு சைஃபன் தொட்டி (நிறைஞ்சதும் கரண்ட் இல்லாம தானா காலியாகுற தொட்டி) வச்சா அதுக்கு இன்னும் ஒண்ணு ஒன்றரை அடி. பைப்போட வாட்டத்தையும் சேர்த்து ஆகமொத்தம் 1.3லேர்ந்து 1.5 மீட்டர் இறக்கம் இருந்தா கரண்ட் இல்லாமலே ஓட்டலாம். அது இல்லேன்னா பம்ப், தண்ணி மட்டம் ஏறினா அதைத் தானா ஓட விடுற ஃபிளோட் ஸ்விட்ச். அந்த பம்ப் ஓடுறது ஒரு நாளைக்கு சில நிமிஷம்தான், கரண்ட் செலவு ஒரு பொருட்டே இல்ல, ஆனா அது என்னைக்காவது நின்னா யார் கவனிப்பாங்கன்னு ஒரு கேள்வி வந்துடுது.

அளவுக்கு வருவோம், ஏன்னா இடம் எவ்வளவுன்னு தெரியாம ஒப்பிட்டு ஒரு பிரயோஜனமும் இல்ல. குளிர் பிரதேசத்துல ஐரோப்பாக்காரங்க கிடைப் படுகைக்கு ஒரு ஆளுக்கு 5 சதுர மீட்டர் வைப்பாங்க, செங்குத்துக்கு டென்மார்க்ல 3.2, ஜெர்மனியிலயும் ஆஸ்திரியாவுலயும் 4. வெயில் அதிகமான இடத்துல பாக்டீரியா சுறுசுறுப்பா இருக்கும், செங்குத்துக்கு ஒண்ணுலேர்ந்து ரெண்டு சதுர மீட்டரே போதும். நான் நாலு பேருக்கு வெப்பமான இடத்துக்குப் போட்ட கணக்கு இது: ஆளுக்கு நாளைக்கு 100 லிட்டர், ஆகமொத்தம் 400 லிட்டர். ஒரு ஆள்கிட்டேர்ந்து நாளைக்கு 40லேர்ந்து 60 கிராம் பிஓடி (கரிமக் கழிவைச் சிதைக்க பாக்டீரியாவுக்கு வேண்டிய ஆக்ஸிஜன், அழுக்கோட அளவுன்னு வச்சுக்கலாம்) வரும், நான் 40ன்னு எடுத்துக்கிட்டேன், மொத்தம் 160 கிராம், செப்டிக் டேங்க் அதுல மூணுல ஒரு பங்கு குறைச்சா மீதி சுமாரா 107 கிராம். கிடைப் படுகையில ஒரு சதுர மீட்டருக்கு நாளைக்கு 10 கிராம்னு வச்சா 11 சதுர மீட்டர் வருது. அரை மீட்டர் ஆழம், ஜல்லிக்கு நடுவுல காலி இடம் 38 சதவீதம்னு போட்டா உள்ள நிக்கிற தண்ணி 2,000 லிட்டருக்குக் கொஞ்சம் மேல, அதாவது அஞ்சு நாள் தங்கிப் போகும். செங்குத்துன்னா இதே வீட்டுக்கு 6 சதுர மீட்டர்ல முடிஞ்சிடும். கார் நிறுத்துற இடத்துக்கும் பாதி கார் நிறுத்துற இடத்துக்கும் உள்ள வித்தியாசம்னு வச்சுக்குங்க.

இப்போ என் முதல் படுகை ஏன் அடைச்சுது. அது கழிவறை இல்லாத தண்ணிக்கு மட்டும் போட்டது, குளியல், துணி, சமையலறை மூணும் வரும். மதில் ஓரமா இடம் இருந்துச்சுன்னு 60 சென்டிமீட்டர் அகலம் 8 மீட்டர் நீளத்துக்கு வாய்க்கால் மாதிரி வெட்டிட்டேன், நீளமா போனா நல்லா சுத்தமாகும்னு ஒரு நினைப்பு. பரப்பளவைக் கணக்குப் போட்டேனே தவிர குறுக்குவெட்டைக் கணக்குப் போடல. தண்ணி நுழையுற அந்த முகம்தான் முழு அழுக்கையும் முதல்ல வாங்குது, அங்க குறுக்குவெட்டுல ஒரு சதுர மீட்டருக்கு நாளைக்கு 250 கிராம் பிஓடிக்கு மேல போகக்கூடாதுன்னு ஒரு டிசைன் கணக்கு இருக்கு, என் படுகையோட முகம் மொத்தமே 0.3 சதுர மீட்டர். அதோட சமையலறைத் தண்ணிக்கு, எண்ணெய்ப் பசையைப் பிடிச்சு நிறுத்துற கிரீஸ் ட்ராப் வைக்கல. முதல் மீட்டர் ஜல்லியைத் தோண்டினப்போ கல்லுக்குக் கல் நடுவுல சாம்பல் நிறத்துல கெட்டியா பசை மாதிரி, கையால வழிச்சு எடுக்கலாம், வந்த வாசனையை எழுத வேணாம். அதே ஜல்லியை அகலமா, குட்டையா, நுழையுற இடத்துல மட்டும் ஒன்றரை இன்ச் ஜல்லியா போட்டு, முன்னாடி ஒழுங்கா ஒரு தொட்டி வச்சிருந்தா இன்னும் பல வருஷம் ஓடியிருக்கும்.

அதனால எந்தப் படுகையைத் தேர்ந்தெடுத்தாலும் முன்னாடி இருக்குற தொட்டியில கஞ்சத்தனம் பண்ணாதீங்க. செப்டிக் டேங்க் ரெண்டு அறையோட, டி பைப் வச்சு, வெளிய போற வாயில ஒரு ஃபில்டரும் இருந்தா ரொம்ப நல்லது. மிதக்குற தூசியில பாதிக்கு மேல அங்கயே தங்கிடும். ரெண்டு மூணு வருஷத்துக்கு ஒரு தடவை கசடு எடுக்குறதை மறந்தீங்கன்னா அந்தக் கசடு தானா நடந்து படுகைக்குப் போயிடும், அப்புறம் ஜல்லியை வெளிய எடுத்துக் கழுவுறதுதான் வைத்தியம்.

மெஷின் பக்கம். தொட்டிக்குள்ள புளோயர் வச்சு காத்து ஊதி பாக்டீரியாவைத் தண்ணியிலேயே மிதக்க விட்டு வளர்க்குறது. பூமிக்கு அடியில புதைச்சுடலாம், இடம் ரொம்பக் கம்மி, ஓடுற வரைக்கும் தண்ணி கண்ணாடி மாதிரி வரும். அந்த "ஓடுற வரைக்கும்"தான் சிக்கல். புளோயருக்கு தினமும் பல மணி நேரம் கரண்ட் வேணும், பாக்டீரியாவுக்கு தினமும் சாப்பாடு வேணும், வீட்டைப் பூட்டிட்டு மூணு வாரம் வெளியூர் போனா பட்டினியில செத்துப் போகும், திரும்பி வந்து பழைய நிலைக்கு வர நாளாகும். ஒரே நாள்ல ஒரு பாட்டில் பிளீச்சை ஊத்தினாலும் அதே கதி. மிச்சக் கசடும் படுகையைவிட அதிகமா சேரும், அடிக்கடி எடுக்கணும். படுகை அப்படி இல்ல, மூணு வாரம் தண்ணி வராட்டியும் கிடைப் படுகையில ஜல்லிக்குள்ள தண்ணி நிக்கும், செடி கொஞ்சம் வாடினாலும் உள்ள உயிர் இருக்கும். சர்வீஸ் பண்ண ஆள் கூப்பிட்ட உடனே வருவாங்க, இடம் சுத்தமா இல்ல, இப்படி இருந்தா மெஷின் வாங்குங்க, நான் தடுக்கல. ரெண்டுல முதலாவது இல்லாம வாங்கினா நாலாவது வருஷம் அது வெறும் தொட்டி.

உறிஞ்சு குழியை எல்லாரும் திட்டுறாங்க, நான் திட்ட மாட்டேன். நிலத்தடி நீர் ஆழத்துல இருந்து, மண்ணு மெதுவா உறிஞ்சுற மண்ணா இருந்து, கிணறும் போரும் நல்ல தூரத்துல இருந்தா மண்ணே ஒரு நல்ல ஃபில்டர்தான். ஆனா தண்ணி கைக்கெட்டுற ஆழத்துல இருக்குற இடத்துலயோ, அடியில வெடிப்பு விட்ட பாறை இருக்குற இடத்துலயோ குழி தோண்டி விட்டா நேரா நம்ம கிணத்துக்கே திரும்ப வரும். அந்த மாதிரி இடத்துல படுகைக்கும் லைனர் கட்டாயம், ஒரு மில்லிமீட்டர் தடிமன் ஷீட், ஜல்லி குத்திக் கிழிக்காம மேலயும் கீழயும் ஜியோடெக்ஸ்டைல் துணி. லைனர்ல மிச்சம் பிடிச்சவங்களைப் பார்த்திருக்கேன். படுகைக்குள்ள தண்ணியே நிக்காம செடி காஞ்சு போய், இவங்க செடி மேல பழி போட்டுட்டு இருப்பாங்க.

இன்னொரு முடிவு இருக்கு, எல்லாத் தண்ணியும் ஒண்ணா சேர்க்கறதா பிரிக்கறதா. வீட்ல இருந்து வர்ற தண்ணியில பாதிக்கு மேல குளியல், துணி, பாத்திரத் தண்ணிதான், ஆனா நைட்ரஜன்ல 80 சதவீதம் போல சிறுநீர்லேர்ந்து வருது. அதனால கழிவறையைப் பிரிச்சுட்டா மீதித் தண்ணிக்கு சின்னதா ஒரு கிடைப் படுகையே தாராளம், அம்மோனியா பிரச்சனையே எழாது. புதுசா வீடு கட்டுறவங்களுக்கு ரெண்டு தனித்தனி பைப் லைன் போடறது பெரிய வேலையே இல்ல, கண்டிப்பா போட்டுடுங்க. கட்டின வீட்ல தரையை உடைச்சுப் பிரிக்கறது வேற கதை, என் வீட்ல குளியலறையும் கழிவறையும் ஒரே சேம்பர்ல போய் விழுது, உடைக்கப் போனா டைல்ஸோட நிக்காது. ஒரு விஷயம், பிரிச்ச தண்ணியா இருந்தாலும் சுத்தம் பண்ணாம தொட்டியில சேர்த்து வைக்காதீங்க, ஒரு நாளைத் தாண்டினாலே அழுகின வாசனை வந்துடும்.

வெளிய வர்ற தண்ணி என்ன ஆகப்போகுதுன்னு கேட்டாத்தான் அடுத்த முடிவு வரும். ஓடையிலயோ குளத்துலயோ விடப்போறீங்கன்னா அம்மோனியா மீனுக்கு விஷம், அங்க செங்குத்துப் படுகை வேணும், நைட்ரேட்டும் போகணும்னா செங்குத்துக்கு அப்புறம் ஒரு கிடைப் படுகை, காத்து இல்லாத இடத்துல நைட்ரேட் வாயுவா மாறிப் போயிடும். நிலத்தடி நீர் பக்கத்துல இருந்தாலும் அதேதான். ஆனா தண்ணி மொத்தமும் மரத்தோட வேருக்குப் போகுதுன்னா நைட்ரஜன் உரம், அதைக் கஷ்டப்பட்டு எடுத்துட்டு அப்புறம் காசு குடுத்து உரம் வாங்கி வைக்கறதுல என்ன அர்த்தம். பாஸ்பரஸை எந்தப் படுகையும் ரொம்ப நாளைக்குப் பிடிச்சு வைக்காது, புது ஜல்லி கொஞ்ச காலம் பிடிக்கும், அப்புறம் நிறைஞ்சுடும், யாராவது எப்பவும் பிடிக்கும்னு சொன்னா நம்பாதீங்க. கிருமி நிறைய குறையும், ஆனா ஒழியாது, அதனால பைப் வழியா மண்ணுக்கு அடியில விடணும், தெளிப்பான்ல தெளிக்கக்கூடாது, பச்சையா சாப்பிடுற கீரை காய்க்கு விடவே கூடாது.

இவ்வளவும் ஒப்பிட்டப்புறம் என் மனசு செங்குத்துப் படுகையிலதான் நின்னுச்சு. 6 சதுர மீட்டர், சைஃபன் தொட்டி, பம்ப் கிடையாது, பேப்பர்ல வரைஞ்சும் முடிச்சுட்டேன். அப்புறம்தான் டியூப் லெவல் பிடிச்சோம், ஒரு முனை செப்டிக் டேங்க் பைப்ல, இன்னொரு முனை தோட்டத்து ஓரத்துல கடைசி மரத்துகிட்ட. கண்ணுக்கு நல்ல இறக்கமா தெரிஞ்ச இடம், அளந்தா 1.1 மீட்டர்தான். மூணு தடவை அளந்தோம், ஒவ்வொரு தடவையும் அதே 1.1. சைஃபன் வச்ச செங்குத்துப் படுகைக்கு அது போதாது, படுகையை ஆழம் குறைச்சுப் போட்டா அதைத் தேர்ந்தெடுத்ததுக்கே அர்த்தம் இல்ல, பம்ப் வைக்கலாம்தான், ஆனா வருஷத்துல ரெண்டு மாசம் வீடு பூட்டியிருக்கும், அந்த நேரத்துல நின்னுபோன பம்ப்பை நான் ஊருக்குத் திரும்பி வந்துதான் கண்டுபிடிப்பேன். தண்ணி போறதும் மரத்துக்குத்தான், அம்மோனியா இருந்துட்டுப் போகட்டும்.

அதனால திரும்பவும் கிடைப் படுகையே. ஆனா இந்த முறை ஒரே வாய்க்கால் இல்ல, பக்கத்துப் பக்கத்துல ரெண்டு, ஒவ்வொண்ணும் ஆறு சதுர மீட்டர், 2 மீட்டர் அகலம் 3 மீட்டர் நீளம், நடுவுல ஒரு சேம்பர், அதுல ரெண்டு வால்வ். ஒண்ணு அடைக்கிற மாதிரி தெரிஞ்சா அதை மூடி சில வாரம் காய விட்டுட்டு இன்னொண்ணுல ஓட்டலாம். நுழையுற முகம் ரெண்டும் சேர்த்து 2 சதுர மீட்டர், முன்னாடி இருந்ததுக்கு ஆறு மடங்குக்கு மேல. செப்டிக் டேங்க்ல ஃபில்டர் மாட்டியாச்சு, சமையலறை லைன்ல கிரீஸ் ட்ராப் இருக்கு, வாராவாரம் அதை வழிச்சு எடுக்குறது யாருன்னு வீட்ல பேச்சுவார்த்தை நடந்துட்டு இருக்கு. என்ன செடின்னு மட்டும் இன்னும் முடிவு பண்ணல, பழைய படுகையில கிடக்குற கல்வாழையையே கிழங்கு பிரிச்சு சதுர மீட்டருக்கு நாலுன்னு நட்டுடலாம்னு இருக்கேன்.